ஒரே வயது, இரண்டு தீர்ப்பு: பழைய எஃகு ஸ்கூபா சிலிண்டர்களை இன்னும் பயன்படுத்தலாமா?

ஆய்வுக்கு வந்தவை இரண்டு எஃகு ஸ்கூபா சிலிண்டர்கள், நீருக்குள் மூச்சுவிட டைவர்கள் முதுகில் சுமக்கும் காற்று உருளைகள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கடலில் இறங்குவதை விட்டுப் பல காலமான ஒருவருடைய கார் ஷெட்டைக் காலி செய்தபோது வெளியே வந்தவை. வாங்கியவர் என் நண்பர். அடிமாட்டு விலைதான், இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் நீருக்குள் அணியும் ஒரு நல்ல முகக்கண்ணாடி கூட வாங்க முடியாது. இவற்றைக் கடலுக்குள் எடுத்துப் போகலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்பதுதான் அவர் கேட்டது. பக்கத்திலிருந்த டைவிங் கடையில் சிலிண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இவ்வளவு பழையதற்கு நாங்கள் காற்று நிரப்புவதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டும் அமெரிக்க டைவர்கள் 'எழுபத்திரண்டு' என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தவை. 1970-களில் அலுமினியச் சிலிண்டர்கள் பரவும்வரை அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் முதுகில் சுமந்தது இதைத்தான். 72 கன அடி என்பது பெயரளவுக்கு, உண்மையில் 71.2 கன அடி, அதாவது சுமார் 2,000 லிட்டர் காற்று பிடிக்கும். உட்கொள்ளளவு 12 லிட்டரை ஒட்டியது.

தோளில் எழுதியிருப்பது

சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே, தோள்பகுதியில் குத்தியிருக்கும் எழுத்துகள்தான் அதன் பிறப்புச் சான்றிதழும் மருத்துவக் குறிப்பும். இவற்றில் முதல் வரி: ஐ.சி.சி.-3ஏஏ2250. கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமில்லாத ஐ.சி.சி. இது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்திய அமெரிக்க ஆணையத்தின் பெயர்ச்சுருக்கம். 1967-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை செயல்படத் தொடங்கி இந்தப் பொறுப்பை ஏற்றது; அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த சிலிண்டர்களில் டி.ஓ.டி. என்று இருக்கும். ஐ.சி.சி. என்று இருப்பதாலேயே ஒரு சிலிண்டர் செல்லாததாகிவிடாது. சோதனையில் தேறினால் அதற்கும் சட்டப்படி காற்று நிரப்பலாம்.

3ஏஏ என்பது எஃகின் வகையையும் செய்முறையையும் குறிக்கும் தரக்குறியீடு. ஸ்கூபாவில் இது பெரும்பாலும் குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகு. 2250 என்பது பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் நிரப்பழுத்தம், பார் கணக்கில் 155. அடுத்த வரியில் தயாரிப்பாளரின் தொடர் எண். அதற்கும் கீழே முதல் நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும்: 6, 67. கடைசியில் ஒரு கூட்டல் குறி. அந்தக் குறி இருந்தால் நிரப்பழுத்தத்தைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக, அதாவது 2475 பி.எஸ்.ஐ. வரை நிரப்பலாம். 71.2 கன அடி என்ற கணக்கே இந்தக் கூடுதலையும் சேர்த்ததுதான். கூட்டல் குறி இல்லையென்றால் கையில் இருப்பது 65 கன அடிச் சிலிண்டர்.

இரண்டும் 1967-இல், ஒரே தயாரிப்பாளரிடம், அடுத்தடுத்த மாதங்களில் பிறந்தவை. வெளிப்புறம் துத்தநாகப் பூச்சு. அந்தக் காலத்துப் பூச்சை இன்றைய பெயின்டோடு ஒப்பிடவே முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தோல் சாம்பல் நிறத்தில் பூத்திருந்ததே தவிர உரியவில்லை. ஆனால் அடிப்பக்கம் மாட்டியிருந்த ரப்பர் உறையைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். எஃகுச் சிலிண்டரின் அடி உருண்டையானது; தரையில் நிற்க உறை வேண்டும். உறைக்கும் உலோகத்துக்கும் நடுவே கடல்நீர் தேங்கினால் துரு அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும். உறையைக் கழற்றாமல் சிலிண்டர் வாங்குகிறவர்கள் எலிப் பொறியைப் பார்க்காமல் தேங்காய்த் துண்டை மட்டும் பார்க்கிறார்கள். இந்த இரண்டிலும் உறைக்கு அடியில் உப்புப் படிவம் இருந்தது, குழி இல்லை.

காற்றைத் திறந்துவிடும் முன்

இரண்டிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தது. வழக்கமாக அதை அப்படியே திறந்துவிட்டுவிடுவார்கள். நாங்கள் ஆக்சிஜன் அளவுமானியை முன்னால் வைத்து, வால்வை மெல்லத் திறந்தோம். முதல் சிலிண்டரில் 20.8 விழுக்காடு, நல்ல காற்று. இரண்டாவதில் எண் இறங்கிக்கொண்டே போய் 7-இல் நின்றது.

காரணம் துரு. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய சிலிண்டருக்குள் அது கிடைப்பது உள்ளே அடைத்த காற்றிலிருந்துதான். கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 10 பார் அழுத்தம் இருந்தால் உள்ளே சுமார் 120 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 25 லிட்டர், எடையில் 33 கிராம். அதை முழுவதும் தீர்க்க ஏறக்குறைய 75 கிராம் இரும்பு துருவானால் போதும். அதே சிலிண்டர் முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இரும்பு துருப்பிடிக்க வேண்டும். ஆக, காலியை நெருங்கிய நிலையில், உள்ளே ஈரத்தோடு, பல ஆண்டுகள் கிடந்த சிலிண்டரில்தான் ஆக்சிஜன் மிக எளிதாகக் காணாமல் போகிறது. கப்பல்களில் மூடிக் கிடந்த இரும்பு அறைகளுக்குள் இறங்கியவர்கள் மயங்கிச் சாவதும் இதே வேதியியலால்தான்.

ஏழு விழுக்காட்டை நீர்மட்டத்தில் சில மூச்சு இழுத்தாலே நினைவு தப்பும். அதைவிடக் கொடுமையான ஒரு வழியும் உண்டு. 20 மீட்டர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் மூன்று மடங்கு. அங்கே 7 விழுக்காடு ஆக்சிஜன் தரையில் 21 விழுக்காடு செய்யும் வேலையைச் செய்துவிடும். வேறொரு சிலிண்டரோடு இறங்கி, ஆழத்தில் இதற்கு மாறுகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. மேலே ஏற ஏற ஆக்சிஜனின் பங்கழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, விழும்; நீர்மட்டத்தை எட்டும் முன்பே மயக்கம் வரும். பழைய எஃகில் இருக்கும் பழைய காற்றை ஒருபோதும் சுவாசிக்காதே என்று மூத்த டைவர்கள் சொல்வது வாசனைக்காக அல்ல.

வால்வைக் கழற்றியதும்

இரண்டிலும் இருந்தவை 'ஜே' வால்வுகள். நீருக்குள் அழுத்தம் காட்டும் மானி எல்லோரிடமும் இல்லாத காலத்தில், காற்று தீரப் போகிறது என்று சொல்லும் ஏற்பாடு இது. உள்ளே ஒரு சுருள்வில் சுமார் 300 பி.எஸ்.ஐ.க்கு அருகே காற்றோட்டத்தை இறுக்கும். மூச்சு திணறினால் முதுகுப்பக்கம் தொங்கும் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும்; மிச்சக் காற்று திறந்துகொள்ளும். கம்பி தெரியாமல் எதிலாவது மாட்டி ஏற்கெனவே இழுபட்டிருந்தால் மிச்சமே இருக்காது. இன்று சாதாரண மானியே இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பழமை விரும்பிகள் மன்னிக்க வேண்டும். 'ஜே' வால்வை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

வால்வு கழன்றதும் முதலில் பார்த்தது கழுத்து மரையை. இங்கே முக்கால் அங்குல நேர் மரை, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்து அடைக்கும் வகை; இன்றும் அமெரிக்காவில் கிடைக்கும் வால்வுகள் பொருந்தும். இதற்கும் முந்தைய சிலிண்டர்களில் அரை அங்குலக் கூம்பு மரை இருக்கும். அதற்கேற்ற வால்வைத் தேடி அலைவதைவிட அந்தச் சிலிண்டரை விட்டுவிடுவது மேல். இன்னொன்று, உயிர் போகும் விஷயம்: ஐரோப்பிய வால்வுகளில் உள்ள 25 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை, முக்கால் அங்குலக் கழுத்துக்குள் பொருந்துவது போலவே ஏறிவிடும். கைக்குச் சற்றுத் தளர்வாகத் தெரியும், அவ்வளவுதான். அழுத்தம் ஏறும்போது வால்வு துப்பாக்கிக் குண்டாகப் பிய்த்துக்கொண்டு போகும். மரையளவு வால்விலும் கழுத்திலும் குத்தியிருக்கும். இரண்டையும் கண்ணால் படித்து ஒப்பிடாமல் முறுக்கவே கூடாது.

கழுத்து வழியாக விளக்கை இறக்கினோம். முதல் சிலிண்டரின் சுவரெங்கும் காவி நிறத்தில் மெல்லிய துரு, விரல் பட்டால் ஒட்டும் பொடி. செதில் இல்லை. அடியில் ஒரு கைப்பிடிகூடத் தேறாத தூசு. இது பூந்துரு, பயமுறுத்தும் நிறம், பயமில்லாத நோய்.

இரண்டாவதைச் சாய்த்துத் தட்டினோம். பழுப்பும் கறுப்புமாகத் துருச் செதில்கள் செய்தித்தாளில் கொட்டின. உள்ளே விளக்கு காட்டியது ஒரு கோடு. கழுத்திலிருந்து அடிவரை, ஒரே பக்கச் சுவரில், விரலகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டை முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள், சில ஒன்றோடொன்று சேர்ந்து ஓடையாகியிருந்தன.

அந்தக் கோடு எப்படி வந்தது? இந்தச் சிலிண்டர் படுத்த நிலையில் கிடந்தது. உள்ளே புகுந்திருந்த கடல்நீர் பக்கச் சுவரில் ஒரு நீளக் குட்டையாகத் தேங்கியது. சிலிண்டரின் அடிப்பகுதி தடிப்பானது. பக்கச் சுவர்தான் மெல்லியது, இந்த வகையில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். நின்ற நிலையில் வைத்திருந்தால் அதே நீர் தடித்த அடியில் தேங்கி, நல்ல அளவுக்குத் தாங்கியிருக்கும். கேட்டு விசாரித்ததில், முதல் சிலிண்டர் மூலையில் நிறுத்தியும், இரண்டாவது பலகைக்கு அடியில் கிடத்தியும் வைக்கப்பட்டிருந்தன என்று தெரிந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சிலிண்டர் விஷயத்தில் செல்லாது.

நீர் உள்ளே போவதற்கு வழிகள் பல. நிரப்பும் முன் வால்வின் வாயில் நின்ற சொட்டைத் துடைக்காமல் குழாயை மாட்டினால் அந்தச் சொட்டு 150 பார் அழுத்தத்தில் உள்ளே போகும். ஈரம் வடிகட்டாத கம்ப்ரசர் இன்னொரு வழி. ஆழத்தில் கடைசி மூச்சுவரை காலி செய்து, ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி) பொத்தானை அழுத்தினால் கடலே உள்ளே வரும். அழுத்தக் காற்றும் கடல்நீரும் சேர்ந்தால் துரு எவ்வளவு வேகமெடுக்கும் என்பதை ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தார் 1970-களிலேயே ஆராய்ந்து எச்சரித்திருக்கிறார்கள். சுவரைக் காக்கக் குறைந்த அழுத்தத்தில் வைப்பதே நல்லது. ஆனால் அப்படி வைத்த காற்றை, மேலே சொன்ன காரணத்தால், இறங்கும் முன் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தாலும் இரண்டுமே சரி.

தன் சிலிண்டரைத் திறந்து பார்க்காதவர்களுக்கும் ஒரு துப்பு உண்டு. ரெகுலேட்டரின் முதல் நிலை நுழைவாயிலில் இருக்கும் சிறிய வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அது சிவந்திருந்தால் சிலிண்டரில் துரு. பச்சையாக இருந்தால் உப்பு நீர் புகுந்து பித்தளை களிம்பேறியிருக்கிறது. கறுத்திருந்தால் கம்ப்ரசர் வடிகட்டியின் கரித்தூள்.

நீரழுத்தச் சோதனை

இரண்டாவது சிலிண்டர் அதற்குப் போகவே இல்லை. குழிகளின் நீளத்தைப் பார்த்த சோதனைக்கூடக்காரர் தலையசைத்துவிட்டார். அமெரிக்க விதிப்படி, தரக்குறியீட்டின் மேலும் அழுத்த எண்ணின் மேலும் வரிசையாக எக்ஸ் குத்தி, அது செல்லாதது என்று ஆக்கினார்.

முதலாவது முதலில் உருட்டலுக்குப் போனது. உள்ளே தேய்ப்புக் கற்களும் நீரும் துருத் தடுப்பு மருந்தும் போட்டு, மணிக்கணக்கில் உருளைகள் மேல் சுழல விடுவார்கள். பின் வெந்நீரில் அலசி, உடனே சூடான காற்று பாய்ச்சி உலர்த்த வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரேயே மீண்டும் காவி பூக்கும். வெளியே வந்தபோது சுவர் ஈய நிறத்தில் சுத்தமாக இருந்தது. நல்ல வேளையாக இதில் உட்பூச்சு இல்லை. அந்தக் காலத்தில் துருவைத் தடுக்கவென்று சிலவற்றுக்கு உள்ளே எப்பாக்சி போன்ற பூச்சு அடித்தார்கள். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அதற்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல் குழி வளரும். பூச்சு முழுவதையும் சுரண்டாமல் அத்தகைய சிலிண்டரைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

சோதனை எளிமையானது, ஆனால் ஏமாற்ற முடியாதது. சிலிண்டரை நீரால் நிரப்பி, நீர் நிறைந்த மூடிய தொட்டிக்குள் இறக்குவார்கள். உள்ளே நிரப்பழுத்தத்தைப் போல மூன்றில் ஐந்து பங்கு, இதற்கு 3750 பி.எஸ்.ஐ., ஏற்றுவார்கள். சிலிண்டர் உப்பும், உப்பிய அளவு வெளியே தள்ளப்படும் நீரைக் கண்ணாடிக் குழாயில் அளப்பார்கள். அழுத்தத்தை விட்டதும் சிலிண்டர் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்ற நிரந்தர விரிவு, மொத்த விரிவில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் தோல்வி. நம்முடையது இரண்டு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை எஃகை எத்தனை முறை அழுத்தி விட்டாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது. கடைகள் 'பழைய சிலிண்டர்' என்றாலே பயப்படுவதற்கு வேர் அலுமினியத்தில்தான் இருக்கிறது. 6351 என்ற கலவையில் 1988 வாக்கு வரை அமெரிக்காவில் செய்த சிலிண்டர்களின் கழுத்தில், தொடர் சுமையால் விரிசல் விடும் குறை கண்டுபிடிக்கப்பட்டது. சில வெடித்து ஆட்களை முடமாக்கின. 2007 முதல் அவற்றுக்கு, உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைத் தேடும் சுழல் மின்னோட்டச் சோதனையையும் கட்டாயமாக்கினார்கள். கடைக்காரருக்குக் கலவை எண்ணை மனப்பாடம் செய்வதைவிட 'இத்தனை வயதுக்கு மேல் கூடாது' என்று பலகை மாட்டுவது சுலபம். எஃகுக்கு அந்தக் குறையே இல்லை. இருந்தும் அலுமினியத்தின் பாவம் எஃகின் தலையில் விழுகிறது. அவர்கள் கம்ப்ரசர், அவர்கள் ஆபத்து. மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பாதுகாப்பு அறிவியல் என்று சொல்லக் கூடாது.

சோதனைக்குக் கொடுக்கும்போதே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: கூட்டல் குறி. அதைத் தர, மீள்விரிவின், அதாவது அழுத்தத்தை விட்டதும் திரும்பிவிடும் விரிவின், உச்ச வரம்பு தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழையவற்றில் அந்த எண் குத்தியிருக்காது. பட்டியலில் தேடியோ கணக்கிட்டோதான் எடுக்க வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் வெறும் தேதியைக் குத்தி அனுப்பிவிடுவார்கள். ஐந்தாண்டுக்குப் பத்து விழுக்காடு காற்று போச்சு.

புதிய வால்வு மாட்டும்போதும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் வால்வு பெரும்பாலும் 3000 பி.எஸ்.ஐ. அலுமினியச் சிலிண்டருக்கானது, அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து காற்றை வெளியேற்ற அதிலுள்ள பாதுகாப்புத் தகடு 5000-ஐ ஒட்டிய அழுத்தத்தில்தான் கிழியும். நம் சிலிண்டரின் சோதனை அழுத்தமே 3750. அந்தத் தகட்டை வைத்தால், சோதனை அழுத்தத்தை வெகுவாகத் தாண்டிய பின்னும் தகடு கிழியாமல் இருக்கும். 2250-க்கு உரிய தகட்டைத் தனியாகக் கேட்டு மாற்றினோம்.

நீருக்குள்

இனி லாப நட்டக் கணக்கு. இன்று உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 உண்மையில் 77.4 கன அடி, சுமார் 2,190 லிட்டர். கூட்டல் குறியோடு நிரப்பிய எழுபத்திரண்டில் 2,016 லிட்டர். 15 மீட்டரில் நிமிடத்துக்கு 50 லிட்டர் தீர்க்கும் ஒருவருக்கு வித்தியாசம் மூன்றரை நிமிடம். கூட்டல் குறி இல்லாவிட்டால் ஏழு நிமிடம். அவசர அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடேறி, ஆறியபின் மானி இன்னும் இறங்கும். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாற்றாகக் கிடைப்பது எடைச் சமநிலை. அலுமினியம் 80 காலியாகும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ மிதப்பு காட்டும். டைவ் முடியும் தறுவாயில், மேலே வரும் முன் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் நிற்க வேண்டிய நேரத்தில் ஆளை மேலே தூக்கும். அதை ஈடுகட்டத் தொடக்கத்திலிருந்தே ஈயம் சுமக்க வேண்டும். எழுபத்திரண்டு காலியானாலும் பெரிதாக மிதக்காது. நண்பர் இடுப்பு வாரிலிருந்து ஒரு கட்டி ஈயத்தைக் கழற்றிவிட்டார். விட்டமும் ஒரு சென்டிமீட்டர் குறைவு, படகில் தூக்கவும் சற்று இலகு. ஒல்லியானவர்களுக்கும் மெல்லிய உடையில் இறங்குகிறவர்களுக்கும் இது கையில் எடுத்ததுமே புரியும்.

குறைந்த அழுத்தச் சிலிண்டர்தானே, மேலே தள்ளி நிரப்பினால் போச்சு என்று ஆலோசனை சொல்ல ஆள் உண்டு. வட ஃப்ளோரிடாவின் குகை டைவர்கள் எஃகுச் சிலிண்டர்களில் முத்திரை அழுத்தத்தை வெகுவாகத் தாண்டி நிரப்புவது ஊரறிந்த பழக்கம். களைப்பதில்லை என்று மேலே சொன்னது முத்திரை அழுத்தத்துக்குள் இருக்கும்வரைதான். அதைத் தாண்டியபின் அந்த வாதம் கைகொடுக்காது. அறுபது ஆண்டுச் சுவருக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை.

செலவு? உருட்டல், சோதனை, புதிய வால்வு எல்லாம் சேர்ந்தும் புதிய எஃகுச் சிலிண்டரின் விலையில் சிறு பங்குதான் ஆனது. இரண்டு வாங்கி ஒன்று தேறியும் நண்பருக்கு லாபமே. ஆனால் இந்த லாபம் அடிமாட்டு விலையில் வாங்கியதால் வந்தது. "பழங்கால அசல்" என்று விலையேற்றி விற்கிறவரிடம், அண்மைய சோதனை முத்திரை இல்லாமல், உள்ளே விளக்கு விட்டுப் பார்க்காமல் வாங்குவது சூதாட்டம். அருகில் நிரப்பித் தரும் கடை இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். ஆக்சிஜன் கூட்டிய கலவை நிரப்பும் எண்ணம் இருப்பவர்கள், துரு வரலாறு உள்ள சிலிண்டரை அதற்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

அமெரிக்காவிலிருந்து ஒன்றைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: வேண்டாம். இந்தியாவில் எரிவாயு உருளை விதிகள், 2016-இன்படி பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற வகையை மட்டுமே நிரப்பலாம். இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும். அமெரிக்கத் தோள் முத்திரை இங்கே செல்லாது.

முதல் சிலிண்டரின் தோளில் 1967-க்கு அருகே இப்போது புதிய மாதமும் ஆண்டும், நடுவே சதுரமாக அடுக்கிய சோதனைக்கூட எண்ணும், கடைசியில் கூட்டல் குறியும் இருக்கின்றன. நண்பர் அதை நிறுத்தித்தான் வைக்கிறார். ஆண்டுக்கொரு முறை வால்வைக் கழற்றி உள்ளே பார்ப்பதாக ஏற்பாடு. அடுத்த நீரழுத்தச் சோதனை ஐந்தாண்டு கழித்து.